எல்கே-99: மூடிய குழாய்க்குள் கந்தகம் எங்கே போகும்?

2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து வந்த எல்கே-99 ஆய்வுக்கட்டுரை பலருக்கு ஞாபகம் இருக்கும். அறை வெப்பநிலையில், சாதாரண காற்றழுத்தத்திலேயே மீக்கடத்தி என்றார்கள். சில வாரங்களில் அது இல்லையென்று ஆகிவிட்டது. ஆனால் அதன் செய்முறைப் பகுதியை மட்டும் படித்தாலே சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஏன் என்று புரிய, 1987-இல் வந்த இட்ரியம்-பேரியம்-தாமிர ஆக்சைடைப் பார்ப்போம். சுமார் 93 கெல்வினில் மீக்கடத்தியாகும் செராமிக் இது. பொடிகளைக் கலந்து 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடுவது பாதி வேலைதான். அந்தச் சூட்டில் ஆக்சிஜன் வெளியேறிவிடும். ஏழு ஆக்சிஜன் அணு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு சொச்சம்தான் மிஞ்சும். சட்டென்று குளிரவைத்தால் அந்தக் குறை அப்படியே உறைந்துவிடும், மீக்கடத்தி கிடைக்காது. ஆக்சிஜன் ஓட்டத்தில் மெதுவாக ஆறவிட்டு, 400-500 டிகிரியில் பல மணி நேரம் வைத்தால்தான் அது திரும்ப உள்ளே போகும். ஏழை நெருங்கினால் 90 கெல்வின், 6.6 வாக்கில் 60 கெல்வின், 6.3-க்குக் கீழே ஒன்றுமே இல்லை. அதே பொடி, அதே உலை. ஆறவிட்ட விதம்தான் வேறு. நம்ம பாஷையில சொன்னா, ஃபார்முலா வெறும் சோர்ஸ் கோடு; பில்ட் நடப்பது உலைக்குள்.

இப்போது எல்கே-99. சல்பேட் உள்ள ஒரு ஈயச் சேர்மத்தையும் தாமிர பாஸ்பைடையும் கலந்து, வெற்றிடக் குழாயில் அடைத்து, 925 டிகிரியில் 5 முதல் 20 மணி நேரம். அஞ்சா, இருபதா? நாலு மடங்கு வித்தியாசம்! அதைவிட முக்கியமானது, வினையின்போது கந்தகம் ஆவியாகிவிடும் என்கிறது கட்டுரை. சீல் வைத்த குழாயிலிருந்து எங்கே போகும்? தாமிரத்தோடு சேர்ந்து தாமிர சல்பைடாக உள்ளேயே தங்கும். அவர்களுடைய எக்ஸ்ரே தரவிலேயே அது தெரிந்தது. மாசு என்று சொல்லிக் கடந்துபோனார்கள்.

அந்த மாசுதான் கதாநாயகன். தாமிர சல்பைடு சுமார் 104 டிகிரியில் படிக அமைப்பு மாறும், மின்தடை திடீரென விழும். எல்கே-99-இன் மின்தடை விழுந்ததும் அங்கேதான். பெய்ஜிங் குழு சூடாக்கும்போதும் குளிரவைக்கும்போதும் அளந்தது. இரண்டு கோடுகளும் ஒட்டவில்லை. படிக அமைப்பு மாற்றத்தில் இது சகஜம். காந்தப்புலம் இல்லாத மீக்கடத்து மாற்றத்தில் அப்படி நடக்கக் கூடாது. ஸ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் கந்தகமே இல்லாத படிகம் வளர்த்தது: ஊதா நிறத்தில், ஒளி ஊடுருவும், மின்சாரம் கடத்தாத பொருள்.

செய்முறையை மறைக்காமல் வெளியிட்டதற்குக் கொரியக் குழுவைப் பாராட்ட வேண்டும். அதனால்தான் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பலர் உடனே செய்து பார்க்க முடிந்தது. அடுத்த 'அறை வெப்பநிலை' செய்தி வரும்போது உச்ச வெப்பநிலையோடு நிறுத்தாதீர்கள். எந்த வாயுவில் ஆறியது, குழாய் திறந்திருந்ததா, மின்தடையை ஏறும்போதும் இறங்கும்போதும் அளந்தார்களா என்றும் தேடிப் பாருங்கள்.