சந்திரகிரி அரசமாளிகை அருங்காட்சியகமும் வேங்கடத்துக் கல்வெட்டுத் தமிழும்

முன்னுரை

தொல்காப்பியப் பாயிரம் முதலாக வேங்கடம் தமிழ்கூறும் நிலத்தின் வட எல்லையாகப் பேசப்பட்டு வருகிறது. அகநானூறு அதனைப் புல்லியின் மலையாகக் காட்டும். சிலப்பதிகாரக் காடுகாண் காதை அங்கு நின்ற கோலத்துத் திருமாலைக் காட்டும். 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைய, சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நிலைபெற்றன. அரசியல் எல்லை அவ்வாறு முடிவுற்றது. ஆய்வின் எல்லையும் அங்கேயே முடிந்துவிட வேண்டுமா என்பது எண்ணத்தக்கது.

அரசமாளிகையின் காட்சி

திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரி, விசயநகர அரசின் பிற்காலத் தலைநகர். கல், செங்கல், சுண்ணச்சாந்து ஆகியவற்றாலான அதன் மூன்றுதள அரசமாளிகை இன்று இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக விளங்குகிறது. மாலையில் அங்குச் செல்லும் பார்வையாளர், கற்சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் கண்டு வெளிவரும்போது கோட்டைச் சுவர்கள் இருளத் தொடங்கியிருக்கும். கண்ட உருவங்கள் நெஞ்சில் நிற்கும். அவற்றைச் செய்வித்தோர் யார், வழிபட்டோர் யார் என்பன நில்லா. அருங்காட்சியகப் பெயர்ப்பலகைகள் பொதுவாகத் தெய்வத்தின் பெயர், காலம், ஊர் என்ற அளவில் அமைவதே இதற்குக் காரணம் எனலாம்.

கல்வெட்டு என்னும் விளக்கவுரை

இக்குறையை நிரப்பும் முறை வேங்கடத்திலேயே உள்ளது. திருமலைக் கோயிலுக்குச் சாமவை என்னும் பல்லவர் குல அரசி வெள்ளித் திருமேனி ஒன்றை அளித்தார். கி.பி. 966 எனப் பொதுவாகக் கொள்ளப்படும் அவ்வரசியின் தமிழ்க் கல்வெட்டு, கொடுத்தவரையும் அணிகலன்களையும் விட்ட நிலத்தையும் புரட்டாசித் திருவிழாவையும் ஒருசேரக் கூறுகிறது. ஒரு கலைப்பொருளின் முழு வரலாறும் அதில் அடங்குகிறது. திருமலையிலுள்ள கிருட்டிணதேவராயர், தேவியர் இருவர் ஆகியோரின் செப்புருவங்களோ தம் பெயர்களைத் தோளிலேயே தாங்கி நிற்கின்றன. குடிமல்லம் இலிங்கத்தின் பழமையைப் பேசுவோர் பலர். அக்கோயிலின் வாணர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளை உடன்வைத்துப் பேசுவோர் சிலரே.

பெயர்ப்பலகை சுருக்கமாக இருத்தல் வேண்டும், பன்மொழியினர் வந்து காணும் இடம் அது என்னும் மறுப்பு எழலாம். அது ஏற்கத்தக்கதே. ஆயினும் யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்னும் இரண்டு தொடர்கள் பலகைக்குச் சுமையாகா. அவற்றை எழுதித் தருதற்குரிய கல்வெட்டறிவு தமிழ்த்துறைகளிடம் உள்ளதா என்பதே உண்மையான வினா. திருமலை திருப்பதிக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை, பெரும்பாலானவை தமிழ். 1930-களிலேயே தேவத்தானம் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. எனினும், வேங்கடம் பற்றிய இலக்கிய ஆய்வுகள் பெரிதும் சங்கப் பாடல்களோடும் ஆழ்வார் பாசுரங்களோடும் நின்றுவிடுகின்றன.

முடிவுரை

வேங்கடத்தை எல்லைக்கல்லாக மட்டும் காணும் பார்வை, அதனை இழந்த நிலமாக எண்ணி வருந்துவதோடு அமையும். அரசமாளிகையின் சிற்பங்களும் கோயிற்சுவரின் எழுத்துகளும் ஒருங்கே பயிலப்படுமாயின், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கோயிலில் எழுதப்பட்ட பொதுவெளியாக அது புலப்படும். தமிழாய்வாளரும் தெலுங்காய்வாளரும் இணைந்து இவ்வருங்காட்சியகத்திற்குக் கல்வெட்டுவழி விளக்கப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தல், இத்துறையில் முதற்கண் செய்யத்தக்க பணியாகும்.