மயங்கி விழுந்தால்தான் காயமா?

கால்பந்தில் தலைக்காயம் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் 2014 உலகக் கோப்பை இறுதிப் போட்டியைத்தான் காட்டுவார்கள். அர்ஜென்டினாவின் கராய் மீது மோதி விழுந்த ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் எழுந்து தொடர்ந்து ஆடினார். கொஞ்ச நேரம் கழித்து நடுவரிடம் போய், இது ஃபைனல்தானா என்று கேட்டார்.

இந்த மாதிரி காட்சிகளுக்காகத்தான் விதி மாறியது. மூளையதிர்ச்சி சந்தேகம் இருந்தால் கூடுதலாக ஒரு மாற்று ஆட்டக்காரர்: 2021-ல் சோதனையாக, 2024-ல் விதிப்புத்தகத்தில், அதுவும் போட்டி நடத்துபவர்கள் விரும்பினால். வெளியே போனவர் திரும்ப வர முடியாது. ஆக, டாக்டர் ஓரிரு நிமிஷத்தில் முடிவு சொல்லியாகணும். ரக்பியில் இருப்பதுபோல் தற்காலிக மாற்று வேண்டும் என்று பிரீமியர் லீக் உட்பட சில லீக்குகள் கேட்டன. விதி வகுக்கும் ஐஃபாப் 2023-ல் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே மொத்தம் 8 ஓட்டு, 4 ஃபிஃபாவிடம், விதி மாற 6 வேணும். ஃபிஃபா வேண்டாம்னா வேண்டாம்தான்.

ஆனால் தற்காலிக மாற்று வந்தாலும் முக்கியமான விஷயம் அப்படியே நிற்கும். இங்கிலாந்து முன்வரிசை ஆட்டக்காரர் ஜெஃப் ஆஸ்டில் 2002-ல் 59 வயதில் இறந்தபோது மரண விசாரணை அதிகாரி அதைத் தொழில்சார் நோய் என்று பதிவு செய்தார். காரணமாகச் சொன்னது ஏதோ ஒரு மோதலை அல்ல. வருஷக்கணக்கில் பந்தைத் தலையால் முட்டியதை. அது ஃபவுல்கூட இல்லை, கைதட்டல் வாங்கித் தரும் விஷயம்.

கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 2019-ல் 7,676 முன்னாள் ஸ்காட்லாந்து தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டார்கள். நரம்புச் சிதைவு நோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் மூன்றரை மடங்கு. (இதய நோய், நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகள் குறைவு, அதையும் சொல்லணும்.) 2021-ல் அதே குழு ஆட்டக்காரர்கள் நின்ற இடத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தது: தடுப்பாட்டக்காரர்களுக்கு ஏறத்தாழ 5 மடங்கு, கோல்கீப்பர்களுக்குப் பொதுமக்களைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே டிரெஸ்ஸிங் ரூம், ஒரே காலம், பந்தை முட்டுவது மட்டும் இல்லை. இது முடிவான நிரூபணம் ஆகாது. ஆனா இதைவிட நல்ல ஒப்பீடு எங்கே கிடைக்கும்?

'அது பழைய தோல் பந்துப்பா' என்பார்கள். காய்ந்த பந்தின் எடை 1937 முதல் கிட்டத்தட்ட அதேதான், 410 முதல் 450 கிராம். பழையது மழையில் ஊறிக் கனத்தது உண்மை. இன்றைய பந்து ஊறாது, ஆனால் வேகமாக வரும்.

பயிற்சியில் குறைக்க ஆட்டவிதியைத் தொடவே வேண்டாம். இங்கிலாந்தில் 2021 முதல் வாரத்துக்கு 10 பலமான ஹெட்டர் என்று வரம்பு. ஆனால் அது வெறும் வழிகாட்டுதல். போட்டியில்? கார்னர், கிராஸ் எல்லாம் இருக்கட்டும். கோல்கிக்கும், கோல்கீப்பர் கையிலிருந்து உதைக்கும் பந்தும் தரையில் படாமல் வந்தால் முட்டக்கூடாது என்று வைக்கலாம் என்பது என் தரப்பு. நீள உதையை நம்பும் சின்ன அணிகளுக்கு இது நஷ்டம்தான். ஆனால் 2019-ல் கோல்கிக்கைப் பெனால்டி பகுதிக்குள்ளேயே வாங்கலாம் என்று மாற்றியதிலிருந்து பல அணிகள் தாமாகவே பக்கத்தில் இருப்பவருக்குத் தட்டிவிட்டு ஆரம்பிக்கின்றன. 1992-ல் பேக்பாஸைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக்கூடாது என்றபோது ஆட்டம் இதைவிட அதிகமாகவே மாறியது.