விலையற்றதன் விலை: ஒரு வினாக்கொத்தின் கருத்துநிலை

வினாக்கொத்தும் ஒரு பனுவலே. அதற்கும் கூறுவோன் உளன், கேட்போன் உளன், இருவருக்கும் பொதுவெனக் கொள்ளப்படும் ஓர் உலகும் உண்டு. சந்தையில் விற்கப்படாதவற்றுக்கு மக்கள் அளிக்கும் மதிப்பைப் பணத்திற் கணிக்கப் பொருளியலாளர் கையாளும் வினாக்கொத்தினையும் நாம் இவ்வாறே வாசித்தல் வேண்டும்.

1989 மார்ச் 24ஆம் திகதி 'எக்ஸொன் வல்டேஸ்' என்னும் எண்ணெய்க் கப்பல் அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் கடற்பரப்பிற் பாறைத்திட்டில் மோதியது. ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கலன் மசகெண்ணெய் கடலிற் கலந்தது. மீனவர் இழந்த வருவாயைக் கணக்கிடலாம். அக்கடலை என்றுமே காணாது, அது மாசற்று இருத்தலையே விரும்பியோரின் இழப்பை எவ்வாறு கணிப்பது? அலாஸ்கா மாநில அரசுக்காக றிச்சட் கார்சன் முதலிய ஆய்வாளர் அமெரிக்கக் குடும்பங்களை நேர்கண்டனர். இத்தகைய இன்னொரு விபத்தைத் தடுக்கும் திட்டத்துக்கு, ஒருமுறை வரியாகக் குறித்த தொகையைச் செலுத்த இணங்குவரா என வினவினர். குடும்பமொன்றுக்கான இடையப் பெறுமானம் ஏறத்தாழ 31 டொலர். நாடு முழுவதற்கும் 280 கோடி டொலர் என அவர்களது 1992ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று.

இம்முயற்சியை வெறும் மாயையென ஒதுக்குதல் இயக்கவியல் நோக்காகாது. நீதிமன்றிற் கணக்கிடப்படாத இழப்பு பூச்சியமாகிவிடும்; அப்பூச்சியத்தின் பயன் கம்பனிக்கே. இம்முறையைத் தாக்கும் ஆய்வுகளுக்கு எக்ஸொன் நிதியுதவி வழங்கியமை தற்செயலன்று.

ஆயினும், வினாவின் வடிவமே ஒரு சொத்துறவை முன்கூட்டியே நிறுவிவிடுகின்றது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 'காப்பதற்கு எவ்வளவு கொடுப்பீர்?' என்னும் வினா மக்களை வாங்குவோராக்குகின்றது. 'இழப்பதற்கு எவ்வளவு கேட்பீர்?' என்னும் வினா அவர்களை உடைமையாளராக ஏற்கின்றது. கென்னத் அரோ, றொபேட் சொலோ ஆகியோர் இணைத்தலைமை வகித்த நிபுணர் குழு 1993இல் முன்னதையே விதந்துரைத்தது. குறைந்த மதிப்பீட்டைத் தருவது அதுவே என்பது காரணம். அளவையியல் நோக்கில் இது எச்சரிக்கையாகலாம். சமூகவியல் நோக்கிலோ, மக்கள் தமது கடலையே விலைகொடுத்து மீட்குமாறு கேட்கப்படுகின்றனர். மேலும், கொடுக்கும் விருப்பம் கொடுக்கும் ஆற்றலால் வரையறுக்கப்படுவது. வறியவனின் பற்று எத்துணை ஆழமாயினும் சிறு தொகையாகவே பதிவாகும்.

உழைப்பின் பெறுமதி எதனையும் கொள்ளாத மனச்சாட்சியும் மானமும்கூட விலைபெறக்கூடும் என மார்க்ஸ் 1867இல் வெளியான 'மூலதனம்' முதலாம் தொகுதியிற் சுட்டினார். இத்தகைய கற்பனை விலைக்குப் பின்னால் மெய்யான சமூக உறவு மறைந்திருக்கலாம் என்பதையும் அவர் உணர்த்தினார். 280 கோடி டொலரும் அத்தகையதொரு விலையே. தொகை சரியா பிழையா என்னும் விவாதத்துடன் நாம் அமைதல் ஆகாது. அக்கடல் யாருடையது, அதன் விதியை முடிவுசெய்வோர் யாவர் என்பனவே அவ்வினாக்கொத்து கேளாது விட்ட வினாக்கள். அவற்றை எழுப்புதலே திறனாய்வின் கடன்.