தேடலுக்குத் தளத்தைத் தயார்செய்தல்: தேவையும் வீணும்

புதிய தளம் வெளியாகும் முன்பே, தேடுபொறிக்கேற்பத் தளத்தைச் சீர்செய்யும் எஸ்இஓ வேலையை முடித்துவிட வேண்டும் என்று ஒரு பெரிய பட்டியலை நீட்டுகிறார்கள். அதில் ஒரு பகுதி இல்லாமல் தளமே இல்லை. இன்னொரு பகுதி தமிழ்த் தளங்களைக் கெடுக்கிறது. இரண்டையும் ஒரே விலைக்கு விற்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

தேடுபொறி வந்து படிக்க வழி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. யூனிகோடுக்கு முந்தைய பாமினி, திஸ்கி குறியேற்றங்களின் காலத்தில் தமிழில் எவ்வளவோ நல்ல எழுத்து இணையத்தில் ஏறியது. தேடுபொறிக்கு அதில் பெரும்பாலானவை பொருளற்ற குறிகள்; தேடியவர் கைக்கு வரவேயில்லை. தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். தலைப்பையும் கவிதையையும் படமாக ஏற்றுகிறவர்கள் இன்றும் அதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள்.

பக்கங்களின் இணைய முகவரியையும் முன்பே தீர்மானிக்க வேண்டும். பின்னால் மாற்றினால் பழைய இணைப்பு ஒவ்வொன்றையும் புதியதற்குத் திருப்பிவிட வேண்டியிருக்கும். முகவரியில் ‘தமிழ்’ என்று எழுதி நகலெடுத்தால் பல இடங்களில் புரியாத 45 குறிகளாக நீளும். தேடலுக்கு அதனால் தடையில்லை. வாட்ஸ்அப்பில் பகிரும்போதுதான் பார்ப்பவருக்கு அச்சம் தரும்.

கட்டி முடியும்வரை தளத்தை மறைத்துவைப்பதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்வைத்த ரோபோட்ஸ் கோப்பு (robots.txt), ‘உள்ளே வந்து படிக்காதே’ என்று மட்டுமே தேடுபொறியிடம் கேட்கிறது. வேறெங்காவது இணைப்பு இருந்தால் முகவரி தேடலில் தோன்றிவிடலாம். பக்கத்தில் ‘பட்டியலில் சேர்க்காதே’ என்ற குறிப்பை வைத்துவிட்டு ரோபோட்ஸ் கோப்பிலும் தடுத்தால், தேடுபொறி அந்தக் குறிப்பையே பார்க்காது. கடவுச்சொல் போடுவதே சரி.

மக்கள் எந்தச் சொல்லால் தேடுகிறார்கள் என்று பார்க்கும் கீவேர்ட் ஆய்விலும் ஒரு நன்மை உண்டு. மின்கட்டணம் என்று நாம் எழுதுவதைக் ‘கரண்ட் பில்’ என்று தேடுவார்கள் என அது காட்டித்தரும். அந்தச் சொல்லையும் பக்கத்தில் சேர்ப்பது வாசகருக்கு மரியாதை. ஆனால் ‘சென்னை சிறந்த பல் மருத்துவர்’ என்று வேற்றுமை உருபைப் பிடுங்கிவிட்டு, அதையே பத்து இடத்தில் திணிப்பது மொழிக்குச் செய்யும் வன்முறை. கீவேர்டுகளுக்கான மெட்டா குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. இன்னமும் அதை நிரப்பிக் காசு வாங்குகிறார்கள். தரவரிசையைக் குறிவைத்துப் பக்கங்களைக் குவிப்பதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பாம் கொள்கையிலும் சேர்த்துவிட்டது. தவிர, எந்தச் சொல்லைத் தேடி நம் தளத்துக்கு வருகிறார்கள் என்பதைக் கூகுளின் சர்ச் கன்சோல் காட்டுவது தளம் வெளியான பிறகுதான். அதுவரை எல்லாம் ஊகம்.

கடைசியாக, வேர்ட்பிரஸ் அமைப்புகளில் தேடுபொறிகளைத் தள்ளிவைக்க ஒரே ஒரு டிக் பெட்டி இருக்கிறது. வெளியீட்டு நாளில் அதிலுள்ள டிக்கை எடுத்தாயிற்றா என்று நீங்களே பாருங்கள். கீவேர்டுக்கு ஒதுக்கிய பணத்தை நன்றாக எழுதத் தெரிந்த ஒருவருக்குக் கொடுங்கள்.