‘ஒரு சிறுசஞ்சிகையில் வெளிவந்தது’

புலம்பெயர் எழுத்துப் பற்றிய ஆய்வுநூலொன்று அண்மையில் எமது கைக்கு வந்துசேர்ந்தது. ஆசிரியரின் பெயரை இங்கு எழுதப்போவதில்லை. குறை அவர் ஒருவருடையதல்ல. நூலின் கடைசியில் நீண்ட உசாத்துணைப் பட்டியல் இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரைகளுக்கெல்லாம் தொகுதி எண், இதழ் எண், ஆண்டு, பக்கம் என்று ஒன்றும் பிசகவில்லை. எங்கள் சஞ்சிகைகளின் முறை வரும்போது மட்டும் ‘ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு சிறுசஞ்சிகை’ என்பதோடு காரியம் முடிந்துவிடுகிறது. இப்படி ஏழு இடங்கள்.

நாம் ரெஸ்ரோரன்ற் குசினியில் வேலைசெய்பவர்கள். அங்கே அரிந்த வெங்காயத்தைப் பெட்டியில் போட்டால்கூட, இன்னது, இன்ன திகதி என்று மூடியில் ஒட்டவேண்டும். ஒட்டாத பெட்டியை யாரும் திறந்துபார்ப்பதில்லை. நேரே குப்பைக்குள் போகும். பல்கலைக்கழகத்தை இடைநடுவில் விட்டுவந்த எமக்கு அடிக்குறிப்பின் அருமை குசினியில்தான் விளங்கியது என்றால் சிரிக்கவேண்டாம்.

சஞ்சிகைக் கட்டுரையைச் சுட்டும் முறை ஒன்றும் பெரிய வித்தையல்ல. எழுதியவர் பெயர், கட்டுரைத் தலைப்பு, சஞ்சிகையின் பெயர், தொகுதி, இதழ், திகதி, பக்கம். இவற்றின் ஒழுங்கு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறலாம். எங்கள் சஞ்சிகைகளுக்கு வெளிவந்த ஊரையும் சேர்க்கவேண்டும் என்பது எமது கட்சி. பாரதி எழுதிய ‘இந்தியா’ வார இதழ் 1906 இல் சென்னையில் தொடங்கியது. 1908 இல் அரசு நடவடிக்கை எடுத்ததும் புதுச்சேரிக்குப் பெயர்ந்து, 1910 வரை அங்கிருந்து வந்தது. ‘இந்தியா, 1908’ என்று மட்டும் எழுதினால், அந்த வரி வெள்ளைக்காரனின் சட்டத்துக்குக் கீழே இருந்து எழுதப்பட்டதா, பிரெஞ்சு எல்லைக்குள் தஞ்சம் புகுந்தபின் எழுதப்பட்டதா என்று எப்படி அறிவது? அகதியின் எழுத்துக்கு ஊரும் திகதியும் பொருளின் பாதி.

இன்னொரு வழக்கம் இதைவிட மோசமானது. சஞ்சிகையில் வந்த கட்டுரையைப் பத்துப் பதினைந்து வருடம் கழித்து வந்த தொகுப்புநூலில் வாசித்துவிட்டு, நூலின் ஆண்டை மட்டும் போடுவது. 1991 இல் துவக்குகளுக்கு நடுவே ஒருவர் சொன்னதும், 2009 இல் யுத்தம் முடிந்தபின் எல்லோரும் சொன்னதும் அப்போது ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. முதலில் சொன்னவரின் துணிவு களவுபோகிறது. புதுமைப்பித்தன் கதைகளை ஆ. இரா. வேங்கடாசலபதி 2000 இல் பதிப்பித்தபோது, எந்தக் கதை எந்த இதழில் எப்போது முதலில் வந்தது என்று தேடிக் காலவரிசையில் அடுக்கினார். அந்தப் பொறுமையில் கால்வாசியாவது எங்கள் எழுத்துக்குக் காட்டக்கூடாதா?

பெயர் விடயத்தில் மட்டும் நாம் ஆய்வுமுறையோடு முரண்படுகிறோம். புனைபெயருக்குப் பக்கத்தில் சொந்தப் பெயரைச் சதுர அடைப்புக்குள் கொடுக்க சிக்காகோ முறை இடம்தருகிறது. நூலகப் பட்டியலுக்கு அது வசதிதான். ஆனால் சபாலிங்கம் பாரிஸில் சுட்டுக்கொல்லப்பட்டது 1994 மே மாதத்தில். அப்போது நாம் சிறுபிள்ளைகள். அந்தக் காலத்தில் பெயரை மறைத்து எழுதியவர்கள் அழகுக்காக மறைக்கவில்லை. பலருக்கு இன்னமும் ஊரில் உறவுகள் உண்டு. அச்சில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதையே எழுதுங்கள். மறைவை நீக்கும் உரிமை எழுதியவருக்கு மட்டுமே உண்டு.

ஆய்வாளரை மட்டும் குட்டிவிட்டு நாம் தப்பமுடியாது. எங்கள் பழைய சஞ்சிகைகளைப் புரட்டினால் திகதியில்லாத இதழ், பக்க எண்ணில்லாத இதழ், 7 ஆம் இதழுக்குப் பிறகு மறுபடியும் 7 ஆம் இதழ் என்று கிடக்கின்றன. வேலைமுடிந்து வந்து நடுச்சாமத்தில் பக்கம் கட்டியவர்களின் நித்திரைக் கலக்கம் அது. கோபிக்க மனம் வருவதில்லை. என்றாலும் தேடுகிறவருக்கு அது உதவாது.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாகின. 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இன்று ஈழத்து இதழ்களை மின்வடிவில் சேர்த்துவைத்திருக்கிறது. இரவு 2 மணிக்கு வேலையால் வந்தும் தேடலாம். இதழ் எண் தெரிந்தால் ஐந்து நிமிட வேலை. ‘ஒரு சிறுசஞ்சிகை’ என்ற குறிப்பை வைத்துக்கொண்டு அங்கே எதைத் தேடுவது?

மூத்த தோழர் ஒருவர் எம்மிடம் விட்டுப்போன அலுமாரி ஒன்று இருக்கிறது. லீவு நாளில் அதைக் கிளறியதில், அந்த ஏழில் மூன்றுக்கு இதழும் திகதியும் பக்கமும் அகப்பட்டன. நூலாசிரியருக்கு எழுதி அனுப்பியிருக்கிறோம். மற்ற நான்கும் எந்தெந்தக் கட்டுரைகள் என்ற விபரத்தை ஆசிரியர்குழுவிடம் கொடுத்துள்ளோம். கட்டிலுக்குக் கீழே பழைய இதழ்களைப் பெட்டியில் கட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து ஒருமுறை திறந்துபாருங்கள்.