வேகமும் விடுபடலும்: செஞ்சி வரலாற்றுத் தரவுகளை முன்வைத்துத் தரவுத்தளப் பகுப்பாய்வுக் கருவிகள் – ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

தரவுத்தளம் உருவாக்குவோர் கையாளும் பகுப்பாய்வுக் கருவிகள் பெரும்பாலும் வினவலின் வேகத்தையே அளக்கின்றன. வரலாற்று ஆய்வாளருக்கோ, ஒரு வினவல் எதைக் காணாமல் விட்டது என்பதே முதன்மையான கேள்வி. செஞ்சி என்னும் ஊர்ப்பெயரைச் சோதனைச் சொல்லாகக் கொண்டு, போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் ஆகிய மூன்று அமைப்புகளின் கருவிகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. தமிழ் ஆய்வுத் தரவுகளுக்கு, தொகுத்துக் காட்டும் கருவிகளைவிட விரிவான பதிவேடுகளும் சொற்பகுப்பைக் காட்டும் கருவிகளுமே மிகுதியாகப் பயன்படும் என்பதை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: செஞ்சி, தரவுத்தளம், வினவல் திட்டம், ஒருங்குறி, சொற்பகுப்பு

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டை பல ஆட்சிகளைக் கண்டது. நாயக்கர்களுக்குப் பின் பீஜப்பூர் சுல்தானியர் வசம் இருந்த கோட்டையை 1677இல் சிவாஜி கைப்பற்றினார். நெடிய முற்றுகைக்குப் பின் 1698இல் அது முகலாயரிடம் சென்றது. 1750இல் பிரெஞ்சுக்காரரிடமும் 1761இல் ஆங்கிலேயரிடமும் வீழ்ந்தது. 2025இல் மராத்தியப் படைசார் நிலவமைப்புகள் என்னும் தொகுதியின் ஓர் உறுப்பாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

ஆட்சிகள் மாறியதால் ஆவணங்களின் மொழியும் ஊரின் பெயரும் மாறின. செஞ்சி என்பது ஜிஞ்சி என்றும், பீஜப்பூர் ஆட்சியில் பாதுஷாபாத் என்றும், முகலாயர் ஆட்சியில் நுஸ்ரத்கட் என்றும் வழங்கியது. சி.எஸ். சீனிவாசாச்சாரியார் 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூல் இத்தகைய பன்மொழிச் சான்றுகளை இணைத்தே எழுதப்பட்டது. இச்சான்றுகளைத் தரவுத்தளமாக்கும்போது, ‘இப்பெயர் ஆவணத்தில் இல்லை’ என்னும் முடிவு ஆய்வாளரின் வாசிப்பிலிருந்து வருவதில்லை. வினவல் தரும் சுழியத்திலிருந்து வருகிறது. அச்சுழியத்தின் நம்பகத்தன்மையைச் சோதிக்க எக்கருவி உதவும் என்பதே இக்கட்டுரையின் வினா.

1. சோதனைச் சொல்லின் இயல்பு

தமிழ் இலக்கணப்படி ‘செஞ்சி’ 3 எழுத்துகள். ஒருங்குறியில் அது 6 குறியெண்கள்; யூடிஎஃப்-8 சேமிப்பில் 18 பைட்டுகள். எழுத்து என்பதற்கு மனிதர் கொள்ளும் அலகும் கணினி கொள்ளும் அலகும் இங்கேயே பிரிகின்றன. ‘கோட்டை’ என்னும் சொல்லில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. ‘கோ’வின் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், இரட்டைச்சுழிக் கொம்பு, கால் என இரு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. போஸ்ட்கிரெஸின் இயல்பான ஒப்பீட்டில் இரண்டும் வெவ்வேறு சொற்கள்.

2. வினவல் திட்டத்தைக் காட்டும் கருவிகள்

போஸ்ட்கிரெஸின் ‘எக்ஸ்பிளெயின் அனலைஸ்’ வினவலை உண்மையிலேயே இயக்கி, மதிப்பிட்ட வரிசைகளையும் கிடைத்த வரிசைகளையும் அருகருகே தருகிறது. மைஎஸ்கியூஎல் 2019இல் 8.0.18 பதிப்பில் இதே வசதியைச் சேர்த்தது. எஸ்கியூலைட்டின் ‘எக்ஸ்பிளெயின் குவரி பிளான்’ திட்டத்தை மட்டும் சொல்கிறது. நேரத்தையோ எண்ணிக்கையையோ சொல்வதில்லை.

இவ்வகையில் போஸ்ட்கிரெஸ் முன்னிற்கிறது என்பது பொதுவான மதிப்பீடு. ஆனால் ‘செஞ்சிக்கோட்டை’யை ஒரு குறியெண் வடிவில் தேடி, தரவில் இரு குறியெண் வடிவம் இருந்தால் நிகழ்வது என்ன? இன்டெக்ஸ் சரியாகப் பயன்படும். நேரம் மிகக் குறைவாக இருக்கும். கிடைத்த வரிசை சுழியம். வேக அளவுகோலின்படி இது குறையற்ற வினவல். வரலாற்று அளவுகோலின்படி இது பொய்ச்சான்று. 2020இல் வெளிவந்த 13ஆம் பதிப்பு முதல் உள்ள ‘நார்மலைஸ்’ செயற்கூறு இப்பிழையை நீக்கும். எனினும் பிழை இருப்பதைத் திட்டக் கருவி சுட்டுவதில்லை.

3. தொகுக்கும் கருவிகளும் பதிவேடுகளும்

‘பிஜி ஸ்டாட் ஸ்டேட்மெண்ட்ஸ்’ ஒரே அமைப்புடைய வினவல்களை ஒன்றாக்கி, அழைப்புகள், மொத்த நேரம், மொத்த வரிசைகள் ஆகியவற்றைத் தருகிறது. ஒன்றாக்கும்போது தேடிய சொல்லை நீக்கி அவ்விடத்தில் ஒரு குறியை வைக்கிறது. மைஎஸ்கியூஎல்லின் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவில் உள்ள சுருக்க அட்டவணையும் அவ்வாறே செய்கிறது. இதனால் ‘செஞ்சி’, ‘பாதுஷாபாத்’, ‘நுஸ்ரத்கட்’ ஆகிய மூன்று தேடல்களும் ஒரே வரியாகச் சுருங்கும். ஒன்று நூறு வரிசைகளையும் மற்ற இரண்டும் சுழியத்தையும் தந்தாலும், சராசரி மட்டுமே எஞ்சும். ஆய்வாளர் அறிய வேண்டிய வேறுபாடு எதுவோ அதுவே அழிகிறது.

இதற்கு மாறாக, பழமையான வசதி எனப் பலர் ஒதுக்கும் மைஎஸ்கியூஎல் மெதுவினவல் பதிவேடு தேடுசொல்லையும் அனுப்பிய வரிசைகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே பதிகிறது. அதன் இயல்பு வரம்பு 10 நொடி என்பதால், விரைந்து சுழியம் தரும் வினவல் அதில் ஒருபோதும் இடம்பெறாது. வரம்பைச் சுழியமாக்கினால் அதே பதிவேடு விடுபடல்களின் பட்டியலாக மாறும். போஸ்ட்கிரெஸில் ‘ஆட்டோ எக்ஸ்பிளெயின்’ இப்பணியைச் செய்யும். அதில் நேர அளவீட்டை மட்டும் நிறுத்திவைத்தால் சுமை குறையும், வரிசை எண்ணிக்கை இழக்கப்படாது. எல்லாவற்றையும் பதிவது வட்டிடத்தையும் இயக்கத்தையும் பாதிக்கும் என்னும் மறுப்பு வணிகத் தளங்களுக்கு முற்றிலும் பொருந்தும். சில பத்துப் பேர் பயன்படுத்தும் ஆய்வுத் தளத்தில், குறித்த காலத்திற்கு இச்செலவு தாங்கத்தக்கதே.

4. சொற்பகுப்பைக் காட்டும் கருவிகள்

எஸ்கியூலைட்டின் எஃப்டிஎஸ்5 முழுவுரைத் தேடல், தனக்குரிய இயல்பான ‘யூனிகோட்61’ பகுப்பானில் எழுத்து, எண் வகைகளையே சொல்லின் உறுப்பாகக் கொள்கிறது. தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் அவ்வகைகளில் சேராதவை. ஆகவே அவை சொற்பிரிப்பான்களாகின்றன. ‘செஞ்சி’ என்பது ச, ஞ, ச என மூன்று சொற்களாக உடைகிறது. ‘சாஞ்சி’யும் அவ்வாறே உடைவதால், செஞ்சிக் கோட்டையைத் தேடுபவருக்கு மத்தியப் பிரதேசத்துப் பௌத்தத் தூபியும் விடையாக வரும். காஞ்சி மட்டும் முதலெழுத்தின் தயவால் தப்பும். பகுப்பானின் வகைப்பட்டியலில் குறிகளைச் சேர்த்தால் இது தீரும்.

இப்பிழையை எந்த வேகக் கருவியும் காட்டாது. சேமித்த சொற்களைப் பட்டியலிடும் ‘எஃப்டிஎஸ்5 வொகாப்’ உடனே காட்டும். போஸ்ட்கிரெஸில் ‘டிஎஸ் டீபக்’ இன்னும் ஒரு படி மேற்சென்று, சொல் எவ்வாறு பகுக்கப்பட்டது, எந்த அகராதி அதை ஏற்றது, எவ்வடிவில் எஞ்சியது என்பவற்றை வரிசையாகத் தருகிறது. 2019இன் 12ஆம் பதிப்பில் தமிழுக்கான வேர்ச்சொல் பிரிப்பான் சேர்ந்தபின் இக்கருவியின் தேவை கூடியுள்ளது: ‘செஞ்சியில்’, ‘செஞ்சியை’ ஆகியவை உண்மையில் ஒரே வடிவில் சேர்கின்றனவா என்பதை ஊகிக்காமல் சோதிக்கலாம். பெயர் மாற்றங்களை ஒத்தசொல் அகராதி வழியே இணைத்தபின் அவ்விணைப்பையும் இதனாலேயே சரிபார்க்கலாம்.

முடிவுரை

ஒப்பிட்ட கருவிகள் தத்தம் நோக்கில் குறையுடையன அல்ல. வணிகத் தளத்தின் கேள்விக்கு உருவானவற்றை வரலாற்றுத் தளத்திற்கு அப்படியே கொள்வதே குறை. வேகத்திற்குத் திட்டக் கருவி, விடுபடலுக்குத் தேடுசொல்லைக் காக்கும் பதிவேடு, எழுத்தின் நம்பகத்திற்குச் சொற்பகுப்புக் கருவி என மூன்றும் சேர்ந்தே ஆய்வுத் தளத்திற்குப் போதுமானவை. மூன்றையும் ஒரே அமைப்பில் தருவதால் போஸ்ட்கிரெஸ் மேம்பட்டு நிற்கிறது. ஆயினும் அமைப்பைத் தேர்ந்ததாலேயே சான்று உறுதிப்படுவதில்லை. ‘இல்லை’ என முடிவுகூறும் ஆய்வேடு, எச்சொல் எந்தக் குறியெண் வடிவில், எந்தப் பகுப்பானின் வழியே தேடப்பட்டது என்பதையும் உடன் பதிய வேண்டும். கல்வெட்டைப் படியெடுத்தவர் சிதைந்த எழுத்தைக் குறித்துவைப்பது போன்ற கடமையே இது.