உ.வே.சா. தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட விதம்

ஆபீஸில் ஆள் எடுக்கும்போது ரெஸ்யூமே நிறையப் படிக்க வேண்டியிருக்கிறது. சொந்த ஊர், படிப்பு, பார்த்த வேலை, கடைசியில் 'கடின உழைப்பாளி, நேர்மையானவர்' என்று ஒரு வரி. எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். ஆனாலும் ஆள் யாரென்று பிடிபடாது. போன மாதம் வாலாஜாபாத்திலிருந்து செங்கல்பட்டு போகிற ரயிலில் 'என் சரித்திர'த்தை மறுபடி வாசித்தபோது, அது ஏன் என்று கொஞ்சம் புரிந்தது.

1940இல் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்தது அது. 1942 ஏப்ரலில் உ.வே.சா. காலமானபோது 122 அத்தியாயங்களோடு நின்றது. 1950இல் புத்தகமாயிற்று. ஆரம்பத்தில் அவர் பிறக்கவே இல்லை! ஏகாதசியன்று தாம்பூலம் போட்டுக்கொண்ட ஒரு தஞ்சாவூர் ராஜா, அதற்குப் பிராயச்சித்தமாக உத்தமதானபுரத்தை உண்டாக்கின கதைதான் வருகிறது. ஊரைச் சொல்லி, அப்புறம் முன்னோரைச் சொல்லி, மெதுவாகத்தான் தன்னிடம் வருகிறார்.

ஆனால் புத்தகத்தின் உயிர் வேறொரு இடத்தில் இருக்கிறது. 1880 அக்டோபர் 21. கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருக்கும் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். வயது 25. கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியர். யாரிடம் படித்தீர்கள் என்று கேட்கிறார் முதலியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரைச் சொன்னால் எதிரே இருப்பவர் முகம் மலரும் என்று எதிர்பார்க்கிறார் இவர். மலரவில்லை. என்ன படித்தீர்கள் என்று அடுத்த கேள்வி. அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை.

அதாவது, அந்தக் காலத்து மிகச் சிறந்த ரெஸ்யூமே ஒரே கேள்வியில் விழுந்துவிட்டது. விழுந்த இடத்திலிருந்துதான் 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வந்தது.

இதை எழுதும்போது உ.வே.சா.வுக்கு எண்பது தாண்டிவிட்டது. மகாமகோபாத்தியாயர், சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தவர். இந்த இடத்தை இரண்டு வரியில் கடந்திருக்கலாம். அவரோ, தான் அடுக்கிய பட்டியலை முழுசாகப் போட்டு, அதில் தனக்கிருந்த பெருமிதத்தையும் காட்டி, பிறகு அது உடைவதையும் நம்மைப் பார்க்க வைக்கிறார். நேர்மை என்ற வார்த்தையை அங்கே அவர் உபயோகிக்கத் தேவையே இல்லை.

குறையும் உண்டு. கல்யாணத்தைச் செலவுக் கணக்கு வரை எழுதுகிறவர், வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணைப் பற்றி அப்புறம் ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தவரின் வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள்? 'அந்தக் காலம் அப்படி' என்பது பாதி பதில்தான். எங்கள் மாவட்டத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்த நெ.து. சுந்தரவடிவேலுவும் மூன்று பாகமாக 'நினைவு அலைகள்' எழுதியிருக்கிறார். காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டத்தில் முன்னின்ற கல்வி இயக்குநர். சாதி மறுத்துக் காந்தம்மாவை மணந்தவர். அந்த வாழ்க்கையில் கொள்கையும் குடும்பமும் தனித்தனி அறையில் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், உ.வே.சா. மூடியே வைத்த கதவு தெரியும்.

ஆனாலும் அந்த 1880ஆம் வருஷத்து அத்தியாயம் என்னை விடவில்லை. காரணம் சொல்லிவிடுகிறேன். சில வருஷம் முன்னால் ஒரு கூட்டத்தில் உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டைப் பற்றி நான் ரொம்ப நேரம் பேசினேன். முடிந்ததும் ஒரு பெரியவர், "தம்பி, கல்வெட்டு வாசகத்தையே படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். படித்ததில்லை. கட்டுரைகளைத்தான் படித்திருந்தேன். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினேன். அவருக்கும் புரிந்துவிட்டது.

உ.வே.சா. பேச்சை மாற்றவில்லை. பிரதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். என்னைப் பற்றி யாராவது கேட்டால் பி.இ., இத்தனை வருஷ அனுபவம் என்று ஆரம்பிப்பேன். இனிமேல் அந்தப் பெரியவரிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். வாசகத்தை இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.